பத்து நிமிசம்

வாங்க தம்பி, வாங்க. சாவடிக்குள்ள வெக்கையா இருக்கும், இப்படி வேம்படி நெழல்ல உக்காருங்க. அந்தக் கல்லுல வேண்டாம், அது வெள்ளாட்டுக்குப் பாத்தியப்பட்டது. இந்தப் பக்கம். ம். என்ன சொன்னீக, பத்தே நிமிசமா? முப்பத்தெட்டுக் கேள்வி, பத்து நிமிசம். எனக்கு வயசு எழுபத்தெட்டு. வருசத்துக்கு அரைக் கேள்விகூடத் தேறலை. பரவாயில்லை, கேளுங்க.

குடிதண்ணிக் குழாய் உண்டா? உண்டு. கரண்டு? உண்டு. கக்கூசு? உண்டு. ரேசன் கடை? உண்டு. பஸ் வசதி? உண்டு. ஹைஸ்கூலு? உண்டு, நாலு கிலோமீட்டர்ல. அடேயப்பா! உங்க கண்ணாடிச் சிலேட்டுல பச்சை பச்சையா டிக்கு விழுகிறதைப் பார்த்தா எனக்கே இந்த ஊர்ல வந்து குடியேறணும்போல இருக்கு.

இப்ப நான் சொன்னதுல ஒரு சொல்லு பொய்யில்லை, அய்யனார் மேல சத்தியம். குழாய் இருக்கு. வாசல்ல நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்குது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு கணக்குப் போட்டு நட்ட குழாய். அதுலதான் கிடாக்குட்டியைக் கட்டிப் போட்டிருக்கேன். ரொம்பத் தோது, முளைக்குச்சி அடிக்கிற வேலை மிச்சம். தண்ணி வந்தா குட்டி மிரளுமேன்னு மொதல்ல ஒரு பயம் இருந்துச்சு. குட்டி கிடாயாகி, கொம்பும் மொளைச்சிருச்சு, இன்னும் மிரளலை. நீங்க கேட்டது குழாய் உண்டான்னு. தண்ணி உண்டான்னு கேக்கலை. கேக்காததுக்கு வாயத் தொறக்கக் கூடாதுன்னு எங்க அய்யா சொல்லி வளர்த்துட்டாரு, என்ன செய்ய.

கோவிச்சுக்கிறாதீக. உங்களுக்கு முந்தி எத்தனை பேரு வந்து போயிருக்காகன்னு நினைக்கிறீக? மொதல்ல தைச்ச நோட்டோட வந்தாக. பெறகு கிளிப்பு வச்ச அட்டையோட வந்தாக. இப்ப சிலேட்டு. கேள்விக மட்டும் ஒரே வம்சம், மூக்கு முழியைப் பார்த்தாலே தெரியும். இத்தனை பேருக்குப் பதில் சொல்லிச் சொல்லி நாங்களும் ஒரு படிப்புப் படிச்சிட்டோம் தம்பி. எது கைக்கு வரும்னு தெரியுதோ அதைத்தான் கொறைன்னு சொல்லணும். 2011-ல கறவை மாடும் வெள்ளாடும் இலவசமாக் குடுத்தாக பாருங்க, வீட்டுக்கு நாலு ஆடு, அந்த வருசம் எங்க ஊர்ல பொறந்த பிள்ளை மொதக்கொண்டு அம்புட்டுப் பேருக்கும் ஆடுதான் கொறை. தையல் மிசினு குடுக்காகன்னு தாக்கல் வந்தா, ஊசியில நூலு கோக்கத் தெரியாதவளும் தைக்க வழியில்லாமத் தவிக்கிறதா மனு எழுதுவா. காய்ச்சல்காரன் மருந்துக்கடையில போயி, அலமாரியில என்ன அடுக்கியிருக்குன்னு பார்த்துட்டு அதுக்குத் தக்கன நோவு சொன்னா எப்படி? அப்படித்தான் நாங்க சொல்லுவோம், நீங்க எழுதுவீக. ரெண்டு பேருக்கும் சோலி முடிஞ்சது.

அதனால ஊரு என்ன கேக்குதுன்னு பாக்காதீக. என்னத்தைக் கேட்டுக் கேட்டு வாய் ஓஞ்சு விட்டுப்போச்சுன்னு பாருங்க. அதைக் கண்டுபிடிக்கிறது கொஞ்சம் சிரமம். அதுக்கு உங்க சிலேட்டை உறையில போடணும்.

வெத்தலை போடுவீகளா? வேண்டாமா. எனக்குப் பல்லு இல்லை, இந்தக் கையுரல்தான் பல்லு. நான் இடிச்சுக்கிட்டே பேசுறேன், நீங்க அந்தக் கண்மாயைப் பாருங்க. பச்சைப்பசேல்னு தெரியுதா? முந்தி வந்த ஒரு அம்மா கார்ல இருந்து இறங்குனதும் இறங்காததுமா, என்ன செழிப்பான ஊருன்னு போட்டோ புடிச்சாக. நானும் ஆமாம்மா, செழிப்புன்னுதான் சொன்னேன். வந்த எடத்துல மனசை நோகடிப்பாகளா? அது அம்புட்டும் சீமைக் கருவேலம். தண்ணி நிக்க வேண்டிய எடத்துல காடு நிக்குது.

அது இந்த மண்ணு மரமில்லை. மெக்சிக்கோ, தென் அமெரிக்காப் பக்கத்துச் சரக்கு. 1870-கள்ல வெள்ளைக்காரன் மெட்ராஸ் மாகாணத்துக்கு விதை தருவிச்சான். மரமில்லாத வறண்ட சீமைக்கு விறகாகும்னு நல்ல எண்ணந்தான். வந்தது வேலியில நின்னுச்சு. பெறகு கரையேறுச்சு. கரையில இருந்து கண்மாய்க்குள்ள இறங்கி, வரத்துக்காலை அடைச்சு, மடை வாயில வந்து நின்னுக்கிட்டு, எங்க பங்காளி மாதிரி எங்களுக்கே பாதை விட மாட்டேங்குது.

மனுசன் வாய்க்குச் சோறு வேணுமில்ல? நெல்லு போன எடத்துல மரம் வந்துச்சுன்னா மரத்தைத் தின்ன வேண்டியதுதான். வெட்டிக் கரிமூட்டம் போட ஆரம்பிச்சாக. பார்த்திருக்கீகளா? கட்டைகளை நெருக்கி அடுக்கி, மேல செத்தையைப் போர்த்தி, மண்ணைக் கொழைச்சுப் பூசி, கீழ தீயை வச்சிட்டு ராப்பகலாக் காவல் இருக்கணும். எங்கிட்டாவது மண்ணு வெடிச்சுக் காத்து உள்ள போச்சுன்னு வைங்க, பொழுது விடியக் கரி இருக்காது, சாம்பல் இருக்கும். புகை நிறம் மாறுறதைப் பார்த்தே உள்ள என்ன நடக்குதுன்னு சொல்லுவாக. அது ஒரு வைத்தியம் மாதிரி. 2017-ல மதுரை ஐகோர்ட்டு 13 மாவட்டத்துல கருவேலத்தை அடியோட அழிக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. அதே வருசம் நிறுத்தியும் வச்சாக. ரெண்டும் எங்களுக்குப் பேப்பர்ல படிச்சுத்தான் தெரியும். மரத்தைக் கொண்டாந்தப்பவும் எங்க பாட்டன்மாரை யாரும் கேக்கலை. வெட்டச் சொன்னப்பவும் மூட்டக்காரனை யாரும் கேக்கலை. நான் மரத்துக்கு வக்காலத்து வாங்கலை தம்பி, அது போய்த் தொலையட்டும். ஆனா அது போன மறுநாள் அடுப்பு எப்படி எரியும்னு ஒரு வார்த்தை கேட்டா நாக்கா தேஞ்சு போகும்?

உங்க தொழில் கேள்வியில என்னென்ன இருக்கு, வாசிங்க. விவசாயம், கூலி, வியாபாரம், அரசு வேலை, மற்றவை. மூட்டக்காரன் எதுல வருவான்? மற்றவை. ஆடு மேய்க்கிறவன்? மற்றவை. பனையேறி? மற்றவை. பார்த்தீகளா, எங்க ஊர்ல பாதிப் பேரு மற்றவைச் சாதி. போன ஐப்பசியில திடீர்னு மழை இறங்கி ஒருத்தன் மூட்டம் பூராவும் ஊறிப்போச்சு. அவனுக்கு வேண்டியது ஒரு தார்ப்பாய். கடனில்லை, பயிற்சி முகாம் இல்லை, தொழில்முனைவோர்னு சட்டையில குத்திக்கிற பட்டையும் இல்லை. ஒரு தார்ப்பாய். அவன் அதை யாருகிட்டயும் சொல்லலை. இதைப் போயா கேப்பாகன்னு அவனுக்கு வெக்கம். எங்கிட்டச் சொன்னதுகூடப் பீடிக்கு நெருப்பு கேக்க வந்த எடத்துல.

அது இருக்கட்டும். நீங்க வந்ததும் நேரா சாவடிக்குத்தான் வந்தீக, என்ன? எல்லாரும் இங்கதான் வருவாக. ஊர்ப் பெரியவர் யாருன்னு கேப்பாக, என்னைக் கை காட்டுவாக, நானும் துண்டை உதறிப் போட்டுக்கிட்டு ஊர்க்கதை சொல்லுவேன். இப்ப ஒரு ரகசியம் சொல்றேன், எழுதாதீக. இந்த ஊருக் கொறையைத் தெரிஞ்சுக்கிறதுக்கு மொதல்ல என்னைய எந்திரிக்கச் சொல்லணும். ஆமா, சிரிக்காதீக. அந்தா தெரியுது பாருங்க வாய்க்கால், அதுக்கு அந்தாண்டத் தெருக்காரன் நான் இங்க உக்காந்திருக்கையில வாயைத் தொறக்க மாட்டான். நான் எந்திரிச்சுப் போனாலும் என் துண்டு இங்க கெடந்தா தொறக்க மாட்டான். அவுக மயானத்துக்குப் போற பாதை மழைக்காலத்துல கண்மாய்த் தண்ணிக்குள்ள போயிரும். நெஞ்சளவு தண்ணியில பாடையைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டுப் போனதை நானே கரையில நின்னு பார்த்திருக்கேன். பாதைக்கு எடம் யாரு பட்டாவுல இருக்குன்னு கேக்குறீகளா? இந்தா, இந்த வெத்தலையில காம்பு ரொம்ப முத்தல்.

அதனாலதான் சொல்றேன், ஊர்ப் பெரியவர் சொன்ன கொறையை ஊர்க் கொறைன்னு எழுதிட்டுப் போயிறாதீக. அது பெரியவர் கொறை. எங்களுக்கு எப்பவும் ஒரு சமுதாயக்கூடமும் கோயிலுக்கு ஒரு ஆர்ச்சும்தான் கொறை.

பொம்பளைகளைக் கேக்கணும்னா ரெண்டு மணிக்கு வரப்படாது. இப்ப அவுக வேலையில நிப்பாக, இல்லைன்னா கொடத்தை அடுக்கிக்கிட்டுத் தள்ளுவண்டியோட போயிருப்பாக. வண்டிக்கு எட்டுக் கொடம். ஊத்துல சிரட்டையால மொண்டு மொண்டு ஒரு கொடம் நெறையிறதுக்கு நேரமாகும் பாருங்க, அந்த நேரத்துல பக்கத்துல போயி உக்காருங்க. எதுவும் கேக்க வேண்டாம். மூணாவது கொடத்துக்கு அவுகளே பேசுவாக. எட்டாவது கொடத்துக்கு நீங்க காதைப் பொத்திக்கிருவீக. அது அம்புட்டும் புருசன்மாரு பத்தின சேதி, ஆனா அதுக்குள்ளதான் ஊரு இருக்கு.

என் பேத்தி ஒண்ணு மதுரையில காலேஜ் படிக்குது. போன பொங்கலுக்கு வந்தப்ப ஒரு சேதி சொல்லுச்சு. ராபர்ட் சேம்பர்ஸ்னு ஒரு இங்கிலீசுக்காரரு, 1970-கள்ல நம்ம வட ஆற்காட்டுப் பக்கம் ஆராய்ச்சி பண்ணுனவரு, 1983-ல ஒரு புத்தகம் எழுதியிருக்காராம். பட்டணத்துல இருந்து கிராமம் பாக்கப் போறவுக தார் ரோட்டை விட்டு இறங்க மாட்டாக, மழைக்காலத்துல போக மாட்டாக, ஆம்பளைகளையும் வசதிக்காரவுகளையும் பார்த்துட்டுத் திரும்பிருவாக, ஏழை கண்ணுலயே பட மாட்டான்னு. கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் இந்த வேம்படியில உக்காந்து நாப்பது வருசமாச் சொல்றதை அந்த மனுசன் புத்தகமாப் போட்டுட்டாரு. எனக்கு ஒரு ராயல்டியும் வரலை. உங்க சிலேட்டுல அதுக்கு ஒரு கட்டம் இருந்தாப் போடுங்க.

கடிகாரத்தைப் பாக்குறீக. பஸ்ஸு நாலு பத்துக்குத்தான், இன்னும் நேரங் கெடக்கு. உக்காருங்க.

கேக்குறதுக்குன்னே சர்க்கார் எடம் வச்சிருக்கே தாத்தாங்கிறீகளா? வச்சிருக்கு, ஏன் இல்லை. திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுல கொறை கேக்குறாக. மனு குடுத்தா ரசீது வரும். என் டிரங்குப் பொட்டியில அந்த ரசீது மட்டும் ஒரு கட்டு இருக்கு, செத்தா எனக்குத் தலைக்கு வைக்கச் சொல்லியிருக்கேன். முகாமுக்கு மனுநீதி நாள்னு பேரு வச்சாக. திருவாரூர்ல சோழ ராசா வாசல்ல ஒரு மணி கட்டியிருந்தான், கன்னுக்குட்டியைத் தேர்க்காலுக்குக் குடுத்த பசு வந்து கொம்பால அடிச்சுச்சு, ராசா நீதி குடுத்தான். கதை நல்ல கதை. ஆனா நான் அதுல பசுவைத்தான் யோசிச்சுப் பாப்பேன். அதுகிட்ட மனு இல்லை, மொபைல் நம்பரு இல்லை, எந்தத் திட்டத்துல வருதுன்னு அதுக்குத் தெரியாது. வெறும் சத்தந்தான் போட்டுச்சு. அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம்னு விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிற வேலை ராசா வேலையா இருந்துச்சு. இப்ப பசுவே டைப் அடிச்சுக் கொண்டு வரணும், ரெண்டு நகலோட.

நம்ம ஊர்ச் சபையும் அப்படித்தான். கிராம சபை, 1994-ம் வருசத்துப் பஞ்சாயத்துச் சட்டம். வருசத்துக்கு ஆறு நாளு: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நல்ல நாளாப் பார்த்துத்தான் வச்சிருக்காக, மிட்டாயும் கிடைக்கும். எங்க அளவு பஞ்சாயத்துக்கு நூறு தலை கூடணும். அதுக்கு நூறு நாள் அட்டைக்காரப் பொம்பளைகளுக்குச் சொல்லி விட்டாப் போதும், வந்துருவாக. மொதல்ல கையெழுத்து, பெறகு தீர்மானம். அதாவது மொதல்ல மொய் எழுதிட்டு, பெறகு யாரு கல்யாணம்னு கேக்குறது. போன தடவை ஒருத்தி எந்திரிச்சா. கையில பிள்ளை, பேசிப் பழக்கமில்லை, முந்தானையைப் பல்லுல கடிச்சுக்கிட்டு என்னமோ சொல்ல வந்தா. "தாயி, அந்தப் பொருளு இன்னைக்குப் பட்டியல்ல இல்லை, உக்காரு" ன்னுட்டாக. உக்காந்துட்டா. சொன்னது யாருன்னு கேக்குறீகளா? பக்கத்துல உக்காந்திருந்த ஒரு பெரிய மனுசன். இதே துண்டுதான் போட்டிருந்தான்.

சபை முடிஞ்சு வீட்டுக்கு வாற வழியில எனக்கு உறுத்துச்சு. மறுநா அவ வீட்டுப் பக்கமா ஆட்டைத் தேடிக்கிட்டுப் போற மாதிரிப் போனேன். ஆடு என் வீட்டுலதான் இருந்துச்சு, குழாயில. என்ன தாயி சொல்ல வந்தேன்னு கேட்டேன். ஒண்ணுமில்லை மாமான்னா. நானும் போகலை, திண்ணையில உக்காந்து வெத்தலை இடிச்சேன். அரிசி பொடைச்சு முடிச்சா. அடுப்பைப் பத்த வச்சா. பெறகுதான் வாய் வந்துச்சு.

விசயம் இதுதான். டவுன்ல இருந்து வாற பஸ்ஸு பள்ளிக்கூடத்து ஸ்டாப்புக்கு நாலு மணிக்கு வரும். அங்கிருந்து நாலு பத்துக்கு நம்ம ஊரு. டிரைவரும் கண்டக்டரும் டீ குடிச்சிட்டுத் திருப்பிக்கிட்டு டவுனுக்குப் போயிருவாக. பள்ளிக்கூடம் விடுறது எத்தனை மணிக்கு? நாலு இருபதுக்கு. பிள்ளைககிட்ட பஸ் பாஸ் இருக்கு, படம் ஒட்டி, சீல் வச்சு. பெரிய பொம்பளைகளுக்கும் 2021-ல இருந்து டவுன் பஸ்ஸுல காசில்லை. எல்லாம் இலவசம். பஸ்ஸு மட்டும் முன்னாடி போயிருது. அடுத்த வண்டி ராத்திரி எட்டரைக்கு, வந்தா. ஆகக்கூடி ஒம்பதாவது பத்தாவது படிக்கிற பொண்ணுக நாலு கிலோமீட்டர், ரெண்டு பக்கமும் கருவேலங்காடு, நடந்து வரணும். கார்த்திகை மார்கழியில வீடு வந்து சேரையில பொழுது சாஞ்சிரும். இடையில ஒரு ஒயின்சாப்பு.

அவ கேக்க வந்தது ரோடு இல்லை தம்பி. புது பஸ்ஸு இல்லை. பணங்காசு இல்லை. அந்த வண்டி அரை மணி பிந்தி வரணும். அம்புட்டுதான். இதைக் கேட்டா எந்தத் திட்டத்துல சேர்ப்பாக? கல்லு நட முடியாது, ரிப்பன் வெட்ட முடியாது, போட்டோவுல விழாது. பேரு வைக்கக்கூட வழியில்லாத ஒரு அரை மணி நேரம். நான் அடுத்த திங்கக்கிழமை மனு எழுதிப் போட்டேன். ரசீது வந்துச்சு. சொன்னேனே, கட்டுல இருக்கு.

உங்க கேள்வி என்னவா இருந்துச்சு? பஸ் வசதி உண்டா. உண்டுன்னேன். பச்சை டிக்கு.

அழிக்கப் போறீகளா? வேண்டாம், இருக்கட்டும். அழிச்சா இல்லைன்னு விழும், அதுவும் பொய். உண்டுக்கும் இல்லைக்கும் நடுவுல உங்க சிலேட்டுல எடம் இல்லையே, நீங்க என்ன பண்ணுவீக. குறிப்புன்னு கீழ ஒரு கட்டம் இருக்கா? எத்தனை எழுத்துப் பிடிக்கும்? சரி, எழுதுங்க. தார்ப்பாயையும் எழுதுங்க. பாதையை எழுதுறதா இருந்தா, நான் சொன்னதா எழுதாதீக. இல்லை, எழுதுங்க. எழுதினா என்ன, இந்த வயசுக்கு மேல யாரு என்னைய ஊரை விட்டு விலக்கப் போறாக.

அந்தா ஹாரன் சத்தம். நாலு பத்து, பார்த்தீகளா, எங்க ஊரு பஸ்ஸு டாண்ணு வந்துரும், அதை யாரும் கொறை சொல்ல முடியாது. பையை எடுத்துக்கோங்க. தண்ணி பாட்டுலை விட்டுட்டுப் போறீக, இந்தாங்க. இங்க அதைத் திருப்பிக் குடுக்கிறவன் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

ஏறி வலது பக்கம் சன்னலோரமா உக்காருங்க. பள்ளிக்கூடத்துக்கு ஒரு கல்லு முன்னாடி, எதிர்க்க நாலு பொண்ணுக பையை முதுகுல மாட்டிக்கிட்டு நடந்து வரும். போன வருசம் ஒம்பது. ரெண்டு பஞ்சு மில்லுக்குப் போயிருச்சு, ஒண்ணுக்குக் கல்யாணம், ரெண்டு வீட்டுல இருக்கு. இந்த நாலும் பஸ்ஸைப் பார்த்ததும் ஓரமா ஒதுங்கி நின்னு டாட்டா காட்டும். நீங்களும் காட்டுங்க, சந்தோசப்படும்.